கொசு ஒரு நொடிக்கு எத்தனை தடவை சிறகடிக்கும்?

எங்கள் வீட்டில் ஒரு பழைய ஆண்ட்ராய்டு போன் இருக்கிறது. கண்ணாடியில் குறுக்கே ஒரு கீறல், சிம் கிடையாது, பேட்டரி அரை நாள் தாங்கினால் பெரிய விஷயம். வீட்டுக்காரர் புதுப் போன் வாங்கும்போது இதை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடலாம் என்றார். கடைக்காரர் சொன்ன விலையைக் கேட்டதும் நானே வைத்துக்கொள்கிறேன் என்று வாங்கிவந்துவிட்டேன். தெருப் பிள்ளைகள் அதற்கு ‘ஞாயிற்றுக்கிழமை போன்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் விளையாட்டு இல்லை, யூடியூப் இல்லை. நாலைந்து செயலிகள், கேமரா, அவ்வளவுதான்.

நான் அறிவியல் படித்தவள் இல்லை. பி.காம். முடித்துவிட்டு மதுராந்தகம் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். 2021 கடைசியில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது தன்னார்வலராகப் பெயர் கொடுத்தேன். மாலையில் பாடம் படிக்க வந்து பழகிய பிள்ளைகள் ஞாயிறு காலையிலும் திண்ணைக்கு வர ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமையும் பாடம் நடத்தினால் ஒருவரும் வரமாட்டார்கள் என்பது தெரிந்ததுதான். ஏரிக்கரைக்குப் போனோம். அங்கிருந்துதான் இதெல்லாம்.

“பிள்ளைக்கு சயின்ஸ்ல ஆர்வம் வரணும், எந்த ஆப் போடலாம்?” என்று இப்போது பலர் கேட்கிறார்கள். ஒரே வரியில் பதில் சொல்ல வரவில்லை. நான் பார்த்தவரை இந்தச் செயலிகள் இரண்டு வகை. சில, கேட்டதும் பதில் சொல்லிவிடும். சில, பதில் சொல்லாது. அளக்கவோ உற்றுப் பார்க்கவோ ஒரு வழி கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கும். முதல் வகை பிள்ளைகளை உடனே அசத்தும், சீக்கிரமே சலித்தும்விடும். இரண்டாவது வகையில் ஆரம்பத்தில் எரிச்சல்தான் அதிகம். ஆனால் மாதக்கணக்கில் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்டது அதைத்தான்.

முதல் வகைக்கு நல்ல உதாரணம் சீக். உயிரினங்களின் படங்களை ஏற்றி அடையாளம் காண்கிற ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையத்தளத்தின் குழுவினர் 2018இல் வெளியிட்டது. கேமராவைச் செடிமேலோ பூச்சிமேலோ காட்டினால், வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம் என்று ஒவ்வொரு படியாக இறங்கி, முடிந்தால் சிற்றினம்வரை சொல்லிவிடும். கணக்குத் தொடங்க வேண்டாம், பெயர், வயது எதுவும் கொடுக்க வேண்டாம். அதனால் பிள்ளைகள் கையில் தைரியமாகக் கொடுக்கலாம். பேட்ஜ்கூடக் கொடுக்கும். கொடுத்த முதல் நாளே தெருவில் ஒரு செடி பாக்கியில்லை. தும்பை, குப்பைமேனி, நாயுருவி, எங்கள் வீட்டுக் குரோட்டன்ஸ், எதிர்வீட்டுப் பூனை எல்லாம் முடிந்தது. அந்தப் பூனையை அது சரியாகவே சொன்னது.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். திரையில் பெயர் வந்த அடுத்த நொடியே செடியை விட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். தும்பைப் பூவில் தேன் இருக்கும், உறிஞ்சிப் பார்க்கலாம் என்பது பக்கத்தில் நின்ற பாட்டி சொல்லித்தான் தெரிந்தது. அதற்கப்புறம் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். போனைத் திறப்பதற்கு முன்னால், பார்க்கிற பொருளைப் பற்றி மூன்று விஷயம் சொல்ல வேண்டும். என்ன நிறம் என்பது கணக்கில் வராது. இலை எதிரெதிராக இருக்கிறதா மாறி மாறி இருக்கிறதா, தண்டு உருண்டையா சதுரமா, யார் வந்து உட்கார்கிறார்கள், இப்படி. தும்பையின் தண்டு சதுரம் என்று தடவிப் பார்த்துக் கண்டுபிடித்தது மூன்றாவது படிக்கிற ஒரு பெண். துளசித் தண்டும் அப்படித்தானே என்று அவளே ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். இரண்டும் ஒரே குடும்பம் என்று அப்புறம் சீக்கில் பார்த்தபோது, அவள் அதை ஏற்கெனவே பாதி கண்டுபிடித்திருந்தாள்.

எருக்கஞ்செடியிலும் இதுதான் நடந்தது. கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டை போட்ட புழு ஒன்று. சீக் அதை வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு என்றது. பெயரோடு போயிருப்பார்கள். ஆனால் மூன்று விஷயம் சொல்லவேண்டும் என்ற கட்டாயத்தில் ஒருவன், “எருக்குல மட்டும்தான் இருக்கு, பக்கத்துச் செடில ஒண்ணுகூட இல்ல” என்றான். ஏன் என்ற கேள்விக்கு எந்தச் செயலியும் நேராகப் பதில் சொல்லவில்லை. எருக்கம்பால் விஷம் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்த விஷத்தைப் புழு தன் உடம்பிலேயே சேர்த்துவைத்துக்கொள்கிறது, அதனால்தான் பெரும்பாலான பறவைகள் அதைக் கொத்துவதில்லை, பளிச்சென்ற பட்டைகள் அதற்கான எச்சரிக்கை என்று நான் தேடிப் படித்துச் சொன்னேன். “அப்ப அது ஒளிஞ்சுக்கவே வேணாம்” என்றான். சரிதான்.

இனி கொசு.

ஒரு நாள் மாலை மின்சாரம் போய், எல்லோரும் கொசு அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் என் மகள் கேட்டாள்: “காதுகிட்ட வரும்போது ‘ங்ஙொய்ங்’னு கத்துதே, அது வாய்லயா கத்துது?” இல்லை, சிறகு அடிக்கிற சத்தம் என்றேன். உடனே அடுத்த கேள்வி: நொடிக்கு எத்தனை தடவை அடித்தால் அப்படிச் சத்தம் வரும்? எனக்குத் தெரியாது. கூகுளில் போட்டால் ஒரு எண் வந்திருக்கும், அதோடு முடிந்திருக்கும். போனில் ஃபைஃபாக்ஸ் இருந்தது நல்லதாகப் போயிற்று.

ஃபைஃபாக்ஸ் ஜெர்மனியில் ஆகன் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட இலவசச் செயலி. போனுக்குள் ஏற்கெனவே இருக்கிற மைக், முடுக்கமானி, காந்தமானி போன்ற உணரிகளை அளக்கும் கருவிகளாக மாற்றித் தருகிறது. அதில் ஒலி அலைமாலை என்று ஒரு சோதனை உண்டு. மைக்கில் விழுகிற சத்தத்தில் எந்த அதிர்வெண் தூக்கலாக இருக்கிறது என்று வரைபடமாகவும் எண்ணாகவும் காட்டும். சிறகு நொடிக்கு 400 தடவை அடித்தால் 400 ஹெர்ட்ஸில் ஒரு கூம்பு எழும்பும். விஷயம் அவ்வளவுதான்.

சொல்லும்போது சுலபம். முதலில் கொசுவைப் பிடிக்க வேண்டும், அதுவும் உயிரோடு. கண்ணாடிக் குப்பியை அதன்மேல் மெல்லக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகுகிற வித்தையை எதிர்வீட்டுப் பையன் தேர்ந்துகொண்டான். மின்விசிறியை நிறுத்தவேண்டும், டிவியை நிறுத்தவேண்டும், மாமியார் மிக்சி போடக்கூடாது. குப்பியில் உட்கார்ந்துவிட்ட கொசு பறக்கவே பறக்காது. குப்பியைத் தட்டினால் அந்தத் தட்டல்தான் வரைபடத்தில் விழும். கடைசியில் குப்பியின் வாயில் மெல்லிய வலைத்துணியைக் கட்டி, அதையே போனின் மைக்கோடு ஒட்டிவைத்துக் காத்திருந்தார்கள். அமைதியாக. ஏழு பிள்ளைகள் ஒரு கொசு பறப்பதற்காக மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை எந்த ஸ்மார்ட் கிளாசிலும் நான் பார்த்ததில்லை.

எண் வந்தது. 450ஐ ஒட்டி. அடுத்த தடவை 460. அப்புறம் திடீரென்று 900. பிள்ளைகள் குழம்பிப்போனார்கள். இரண்டு மடங்காக எப்படி வேகம் கூடும் என்று சண்டை. ஏழாவது படிக்கிறவள்தான் இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு, “900ல பாதி 450தானே” என்றாள். இந்த மாதிரிச் சத்தத்தில் அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கும் கலந்திருக்கும். சில நேரம் அந்த இரண்டாவது கூம்பு உயரமாகிவிட்டால் செயலி அதைப் பிடித்துக்கொள்ளும். இதை நான் அன்று இரவு படித்துத் தெரிந்துகொண்டேன். கருவி காட்டுகிற எண்ணை அப்படியே நம்பக்கூடாது என்று நான் எத்தனை தடவை சொல்லியிருந்தாலும் அது ஏறியிருக்காது. 900 ஏற்றிவிட்டது.

இன்னொரு குப்பியில் 600ஐத் தாண்டி வந்தது. அது ஆண் கொசுவாக இருக்கலாம், ஆண் கொசு பெண்ணைவிட வேகமாகச் சிறகடிக்கும் என்று சொன்னதும் அடுத்த பிரச்சினை தொடங்கியது. ஆணா பெண்ணா என்று எப்படிப் பார்ப்பது? ஆணின் உணர்கொம்பு இறகுபோல அடர்ந்து சிலிர்த்திருக்கும், பெண்ணுக்கு மெல்லிய நூல்போல இருக்கும். வெறுங்கண்ணுக்கு நிச்சயமில்லை. பெட்டியிலிருந்து ஃபோல்ட்ஸ்கோப் வெளியே வந்தது.

ஃபோல்ட்ஸ்கோப் பற்றித் தெரியாதவர்களுக்கு: அது காகிதத்தை மடித்துச் செய்கிற நுண்ணோக்கி. மீரட்டில் பிறந்த மனு பிரகாஷும் ஜிம் சிபுல்ஸ்கியும் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது. அதுபற்றிய ஆய்வுக்கட்டுரை 2014இல் வந்தது. மிளகைவிடச் சின்னதான ஒரு கண்ணாடி உருண்டைதான் அதன் லென்ஸ். 140 மடங்கு பெரிதாக்கும். நான் வாங்கியபோது சில நூறு ரூபாய்தான். மனு பிரகாஷின் குழு 2017இல் இன்னொன்றும் செய்தது. சாதாரண மொபைல் போனில் பதிவுசெய்த சிறகுச் சத்தத்தை வைத்தே எந்த இனக் கொசு என்று பிரித்தறிய முடியும் என்று காட்டியது. திண்ணையில் பிள்ளைகள் குப்பியோடு செய்த அதே காரியம். இதைச் சொன்னபோது அவர்களுக்கு வந்த மிடுக்கைப் பார்க்கவேண்டுமே!

ஃபோல்ட்ஸ்கோப்பில் எடுத்தவுடன் எதுவும் தெரியாது. இதை வாங்கியவர்களில் பாதிப் பேர் அந்த இடத்தில்தான் கைவிட்டுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். சில விஷயங்கள் கைப்பழக்கத்தில் வந்தவை. கண்ணை லென்ஸில் இமை ஒட்டும் அளவுக்குக் கிட்டே கொண்டுபோக வேண்டும். வெளிச்சம் பகல் வானத்தைப் பார்த்து இருக்கவேண்டும்; சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது, இதை ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடுங்கள். மழை நாளில் வெள்ளைச் சுவரில் விழுகிற டார்ச் வெளிச்சம் போதும். லென்ஸில் விரல் எண்ணெய் பட்டால் எல்லாம் மங்கல். மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றவேண்டும், தேய்க்கக்கூடாது. முதலில் காட்டவேண்டியது குளத்துத் தண்ணீர் இல்லை. அசையாத, பெரிய, அழகான ஒன்று வேண்டும். எங்கள் அனுபவத்தில் செம்பருத்தி மகரந்தம்தான் அதற்குச் சரி. முள் முளைத்த பந்துகள் மாதிரி, நுண்ணோக்கிக்குப் புதியவருக்கும் சட்டென்று தெரியும். அப்புறம் வெங்காயத்தோல், பட்டாம்பூச்சிச் சிறகிலிருந்து உதிர்ந்த தூள், சமையலறை உப்பு. இதெல்லாம் கைவந்த பிறகுதான் தண்ணீர்த்துளி. அதில் உள்ளவை ஓடிக்கொண்டே இருக்கும், துரத்திப் பிடிக்கக் கைக்கு நிதானம் வேண்டும். போனை அதோடு ஒட்டவைத்துப் பார்ப்பதற்குக் காந்த வளையம் ஒன்று வரும். அதை மாட்டினால் எல்லோரும் ஒரே நேரத்தில் திரையில் பார்க்கலாம், சண்டை குறையும்.

600 காட்டிய கொசு ஆண்தான். உணர்கொம்பு இறகாகவே இருந்தது. இரண்டு தனித்தனிக் கருவி ஒரே பதிலைச் சொன்னது என்பதில் அந்த ஏழாவதுக்காரிக்கு ஏற்பட்ட திருப்தியை மறக்க முடியாது.

அப்புறம் கொசுப்புழுவுக்குப் போனோம். எங்கள் தெருவில் குடிநீர் தினமும் வராது, டிரம்மில் பிடித்துவைப்பார்கள். காலில் வெள்ளைப் பட்டை உள்ள, டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசு அந்தமாதிரி நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். டிரம்மிலிருந்து ஒரு கரண்டி எடுத்துப் பார்த்தால் புழுக்கள் தலைகீழாகத் தொங்குகின்றன. வால்பக்கம் ஒரு குழாய், அதை நீர்மட்டத்துக்கு மேலே நீட்டி மூச்சுவிடுகின்றன. நுண்ணோக்கியில் உடம்பு கண்ணாடிபோலத் தெரியும், உள்ளே குடல் அசைவதுகூடத் தெரியும். தேங்கின தண்ணீரில் எண்ணெய் விடச் சொல்வது ஏன் என்று பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியே வரவில்லை. அந்தக் குழாய் அடைத்துக்கொள்ளும் என்று அவர்களே சொன்னார்கள். அன்று மாலை தெருவில் எல்லா டிரம்முக்கும் வேட்டித்துணி கட்டப்பட்டது. வீட்டு வீடாகப் போய்ப் புழுவைக் காட்டி மிரட்டியிருக்கிறார்கள். ஒரு எச்சரிக்கை: புழுவைப் பாட்டிலில் வளர்த்துப் பார்ப்பதானால் வாயில் வலைத்துணி இறுக்கமாகக் கட்டியிருக்கவேண்டும், பார்த்து முடித்ததும் வெந்நீர் ஊற்றி அழித்துவிடவேண்டும். டெங்கு விளையாட்டில்லை.

இதற்கு நடுவில் ஒரு வீட்டில் காசு கட்டி அறிவியல் செயலி வாங்கினார்கள். பெயர் வேண்டாம். வருடச் சந்தா, டேப்லெட்டும் சேர்த்து, தவணையில். வீடியோக்கள் நன்றாகத்தான் இருந்தன. எரிமலை வெடிக்கும், டைனோசர் திரும்பிப் பார்க்கும். அந்தப் பையன் தட்டான்பூச்சிக்கு எத்தனை சிறகு என்ற வினாடி வினாவில் முழு மதிப்பெண் வாங்கினான். ஏரிக்கரையில் தட்டான் வந்து அவன் முழங்கையிலேயே உட்கார்ந்தபோது உதறிவிட்டான், பயம். அதில் அவனைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. பிறகு போனின் ஸ்லோமோஷனில் தட்டானைப் படம்பிடிக்கும் வேலை அவனுக்குத்தான் போனது. என்னுடைய போனில் நொடிக்கு 240 சட்டம் (ஃபிரேம்) எடுக்கலாம். சிறகு மேலே போய்க் கீழே வந்து திரும்ப மேலே போவதற்கு எத்தனை சட்டம் என்று நகர்த்தி நகர்த்தி எண்ணினான். எட்டு. 240ஐ எட்டால் வகுத்தால் 30. கொசு எங்கே, தட்டான் எங்கே! முன்சிறகும் பின்சிறகும் ஒன்றாக அடிப்பதில்லை என்பதையும் அவன்தான் பார்த்துச் சொன்னான். தவணை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பறவைக்கு மெர்லின். கார்னெல் பறவையியல் ஆய்வகத்தாருடையது. 2014இல் வந்தது, குரலை வைத்துப் பறவையைச் சொல்லும் வசதி 2021இல் சேர்ந்தது. நம் பகுதிக்கான தொகுப்பை வீட்டு வைஃபையில் இறக்கிக்கொண்டால் ஏரிக்கரையில் இணையம் வேண்டாம். செண்பகம், குயில், ‘டொங்க் டொங்க்’ என்று தட்டுகிற குக்குறுவான் எல்லாம் நன்றாகப் பிடிக்கும். ஆனால் இதுவும் பதில் சொல்கிற வகைதான், அதனால் சீக்கில் செய்ததைப் போல இங்கேயும் ஒரு நிபந்தனை: மெர்லின் சொன்ன பறவையைக் கண்ணால் பார்த்தால்தான் நோட்டில் ஏறும்.

ஒரு நாள் காலை மெர்லின் ‘வல்லூறு’ என்றது. எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள், புளியமரத்தைப் பார்த்தார்கள். வல்லூறு இல்லை. மின்கம்பியில் ஒரு கரிச்சான் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். செயலி தப்பு என்று ஒருவன் தீர்ப்பே சொல்லிவிட்டான். பால் ஊற்ற வந்த பெரியவர் ஒருவர், “கரிச்சான் எல்லாக் குரலும் போடும்மா” என்று சைக்கிளை நிறுத்தாமலே சொல்லிவிட்டுப் போனார். தேடிப் படித்தால் விஷயம் அதைவிடச் சுவாரசியம். கரிச்சான் வல்லூறின் குரலில் கத்தி மைனாக்களைப் பயமுறுத்தி ஓடவைத்துவிட்டு, அவை விட்டுப்போகிற இரையை எடுத்துக்கொள்வதைப் பார்த்துப் பதிவுசெய்திருக்கிறார்கள். அன்று நாங்கள் கேட்டது அதுதானா என்று உறுதியாகச் சொல்லமுடியாது. ஆனால் அதற்கப்புறம் பல வாரம், பிள்ளைகள் மைனாக் கூட்டத்துக்குப் பக்கத்தில் கரிச்சான் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நடந்தார்கள்.

ஸ்டெல்லேரியம் என்பது வானத்தைத் திரையில் காட்டுகிற செயலி. அதை இரவு வானத்துக்காகத்தான் எல்லோரும் போடுவார்கள். எங்கள் தெருவில் எல்இடி விளக்கு வந்ததிலிருந்து இரவில் பத்து நட்சத்திரம் தெரிந்தால் அதிகம். அதனால் பகலுக்குப் பயன்படுத்தினோம். ஊரை அமைத்துவிட்டு, நாளைத் தள்ளித் தள்ளி, மதியம் சூரியன் எவ்வளவு உயரத்துக்கு வருகிறது என்று பார்த்தால், வருடத்தில் இரண்டு நாள் 90 டிகிரியைத் தொடும். நேர் உச்சி. அன்று நட்டுவைத்த கம்புக்கு நிழல் இருக்காது. நிழலில்லா நாள். சென்னைக்கு அது ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் வரும். கன்னியாகுமரிக்கு ஏப்ரல் 10 வாக்கிலேயே வந்துவிடும். எங்கள் ஊருக்கு ஏப்ரல் 23ஐ ஒட்டி. ஒருவன் ஊரைத் தில்லி என்று மாற்றிவிட்டு வருடம் முழுக்கத் தள்ளிப் பார்த்தான். தில்லிக்கு அப்படி ஒரு நாளே கிடையாது! அது கடகரேகைக்கு வடக்கே இருக்கிறது, சூரியன் உச்சிக்கு வருவது அந்தக் கோடு வரைதான். கடகரேகை என்று சமூக அறிவியல் புத்தகத்தில் கோடாகக் கிடந்தது, அன்றைக்கு அவனுக்கு எதற்காகவோ ஆயிற்று.

ஏப்ரல் 23 அன்று மொட்டைமாடியில் பிவிசி குழாய்த்துண்டு, தண்ணீர் பாட்டில், தோசைக்கரண்டி என்று ஆளுக்கொன்று நிறுத்திவைத்தார்கள். பன்னிரண்டு மணிக்கு நிழல் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. சில நிமிடம் கழித்துத்தான் காணாமல் போனது. ஏன் சரியாகப் பன்னிரண்டுக்கு இல்லை? நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு வைத்தது, நாம் ஏறத்தாழ 80 டிகிரியில் இருக்கிறோம். ஒரு டிகிரிக்கு நாலு நிமிடம் என்றால் பத்து நிமிடம் தள்ளிப்போகும். இதைப் பிள்ளைகள் நோட்டில் கணக்காகவே போட்டார்கள். சூரியன் ஏப்ரலில் உச்சியில் இருக்கிறதென்றால் அக்னி நட்சத்திரம் ஏன் மே மாதம் என்றும் கேட்டார்கள். தரை சூடேற நாள் பிடிக்கும், மே மாதத்திலும் வெயில் ஏறக்குறைய நேராகத்தான் விழுகிறது, பகலும் நீளம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கால் சுட்டதில் விளக்கம் பாதியில் நின்றது. மாடிக்குப் போகிறவர்கள் செருப்போடு போங்கள்.

ஒலியின் வேகத்தை அளந்தது பற்றி ஒரு வார்த்தை. ஃபைஃபாக்ஸிலேயே ஒலி நிறுத்துக்கடிகாரம் இருக்கிறது. சத்தம் கேட்டால் ஓடத்தொடங்கும், அடுத்த சத்தத்தில் நிற்கும். இரண்டு போனைப் பத்து மீட்டர் தள்ளி வைத்து, முதல் போன் பக்கத்தில் ஒருவர் கைதட்ட, பிறகு இரண்டாவது போன் பக்கத்தில் இன்னொருவர் தட்டவேண்டும். இரண்டு கடிகாரமும் காட்டும் நேரத்தின் வித்தியாசம், ஒலி அந்தப் பக்கம் பத்து, இந்தப் பக்கம் பத்து என்று 20 மீட்டர் போக எடுத்த நேரம். எங்களுக்கு 0.058 நொடி வந்தது. வகுத்தால் நொடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர். புத்தகத்தில் உள்ளதற்குக் கிட்டத்தான். கோயில் ஒலிபெருக்கி ஓடுகிற மாதத்தில் இதைத் தொடவேண்டாம், ஆடி முடியட்டும்.

எல்லாவற்றையும்விட அதிகமாக நான் யோசித்தது, போன் யார் கையில் இருப்பது என்பதைப் பற்றி. விட்டால் பெரிய பையன்கள் கையில்தான் இருக்கும். வீட்டில் போன் உள்ளவனுக்கு விரல் வேகமாக ஓடும், அவனே எல்லாம் செய்துவிடுவான், மற்றவர்கள் தோளுக்குமேல் எட்டிப்பார்ப்பார்கள். அதனால் கேள்வி கேட்டவர் கையில்தான் போன் என்று வைத்தோம். கேள்வி கேட்காதவர் நோட்டில் எழுதலாம். இந்த ஒரு மாற்றத்தில் சின்னப் பெண்கள் பேச ஆரம்பித்தார்கள். போனைத் தொடுவதற்காகவே சிலர் வெற்றுக் கேள்வி கேட்பார்கள்தான், கேட்கட்டும். இன்னொன்று, ஆளுக்கொரு கருவி வேண்டாம். பள்ளியில் டேப் கொடுத்தபோது பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஒரே போன் என்றால் வாதம் நடக்கும், சண்டையும் நடக்கும், எனக்கு அந்தச் சத்தம் பரவாயில்லை.

நோட்டு காகிதத்தில்தான். படம் மோசமாக இருந்தாலும் கையால் வரையவேண்டும். கொசுவின் காலை வரையப் போனவள்தான் பட்டை எங்கெங்கே இருக்கிறது என்று மறுபடி பார்த்தாள். புகைப்படம் எடுத்தவன் பார்க்கவில்லை.

ஏரி, குளம் பக்கம் பிள்ளைகளோடு போகிறவர்கள் நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். மாதிரித் தண்ணீரைப் பெரியவர்தான் எடுக்கவேண்டும். படங்களைப் பொதுவில் ஏற்றும்போது வீட்டு முகவரி தெரிகிற இடத்தை மறைத்துவிடுங்கள், பிள்ளைகளின் முகம் வேண்டாம். ஐநேச்சுரலிஸ்டில் ஏற்றுவதானால் பெரியவர் கணக்கில் ஏற்றுங்கள். அங்கே உலகத்தில் யாரோ ஒருவர் படத்தைப் பார்த்துச் சரியா தவறா என்று சொல்வார். எங்கள் சிலந்தி ஒன்றைத் திருத்தியவர் எங்கிருக்கிறார் என்று பிள்ளைகள் வரைபடத்தில் தேடினார்கள்.

பொங்கலுக்கு இன்னும் சில வாரம்தான். 2015இலிருந்து பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்க நடக்கிற பறவைக் கணக்கெடுப்பில் எங்கள் திண்ணைக் கூட்டமும் சேர்ந்துகொள்கிறது. ஒரு இடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் எண்ணி, ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றினால் போதும். யாரும் நிபுணராக இருக்கத் தேவையில்லை. முக்குளிப்பானும் நாமக்கோழியும் தாழைக்கோழியும் பிள்ளைகளுக்கு இப்போது தூரத்திலிருந்தே தெரியும். கரிச்சான் கத்தினால் மெர்லினை மூடிவைக்கவேண்டும் என்று அவர்களே தீர்மானம் போட்டிருக்கிறார்கள். ஏரிக்கரையில் நிற்பதா, ரயில்வே கேட் தாண்டி வயல்வெளிக்குப் போவதா என்பதில்தான் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறார்கள். வயல்வெளிக் கட்சியிடம் பனங்காடை இருக்கிறது, ஏரிக் கட்சியிடம் ஆள்பலம் இருக்கிறது.